தொண்ணூறு இலை, மூன்று தோழிகள்: லிங்கராஜபுரத்தில் நடத்திய ஒரு சிறிய கல்யாணம்

தங்கையின் கல்யாணத்தைத் தொண்ணூறு இலைக்குள் முடிப்பது என்று வீட்டில் முடிவானது. அவளும் மாப்பிள்ளையும் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைக் கரைத்து ஊருக்குப் பிரியாணி போட இருவருக்கும் மனமில்லை. எங்கள் ஆலயத்துப் பங்கு மண்டபத்திலும் நூறு நாற்காலிக்கு மேல் போட இடமில்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். நோட்டைத் திறந்து கோடு போட்டால் எந்தக் காரியமும் முடிந்துவிடும் என்று அம்மாவுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை. பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிறியதாக நடத்த நினைக்கிற மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, செய்ததை எழுதி வைக்கிறேன். மணப்பெண் தோழிகளைத் தேர்ந்தெடுத்த கதை சற்று நீளும். அதிக யோசனை போனது அதில்தான். சண்டை வந்ததும் அதில்தான்.

தேதி

நாங்கள் கத்தோலிக்கர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் கல்யாணம் வைப்பதை எங்கள் பங்கில் விரும்பமாட்டார்கள். மிஞ்சுவது இரண்டு இடைவெளி: கிறிஸ்துமஸ் முடிந்து, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வருவதற்குள் ஒன்று, ஈஸ்டருக்குப் பிறகு ஒன்று. ஈஸ்டருக்குப் பிறகென்றால் ஏப்ரல், மே. அந்த மாதங்களில் பெங்களூருவில் பிற்பகலுக்கு மேல் இடியோடு கொட்டும் மழை எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. ஆலய முற்றத்தில் நாற்காலி போடுகிறவர்களுக்கு அது சரிப்படாது. ஜனவரியைப் பிடித்தோம்.

ஜனவரியின் முதல் பாதி மார்கழியில் வருவதால் இன்னொரு வசதியும் கிடைத்தது. இந்துக் குடும்பங்களில் அப்போது முகூர்த்தம் கிடையாது. கன்னடக்காரர்களும் தனுர்மாசம் என்று கல்யாணத்தை ஒதுக்கிவிடுவார்கள். பந்தல்காரர், பாத்திரக்காரர், பிரியாணி சமைக்கும் பண்டாரி எல்லாரும் ஓய்வாக இருக்கிற நேரம் அது. தை பிறந்த பிறகு நம்மை நிற்க வைத்துப் பேசுகிறவர்கள், மார்கழியில் உட்கார வைத்துத் தேநீர் தருகிறார்கள். வாடகையில் பேரம் பேசவும் இடம் இருந்தது.

ஆனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் அதே கணக்கைப் போடுவதால் ஆலயத்தில் சனிக்கிழமைகள் முன்பே நிரம்பிவிட்டிருந்தன. வெள்ளிக்கிழமை வைத்தால் இறைச்சி சமைக்கலாமா என்று அம்மாவின் உறவில் ஒரு பொதுக்கூட்டமே நடக்கும். வியாழக்கிழமை என்று எழுதிக்கொண்டோம். வேலைநாள் என்பதால் சிலர் தாமாகவே வரமாட்டார்கள் என்பதையும் நான் மனதுக்குள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் நண்பர்கள் இரவு ஏழரைக்கு விளக்கு அலங்காரத்தோடு வைக்கலாமே என்றார்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் திருமணத்தை முடிக்கச் சொல்கிறது. அதைத் தாண்ட மறைமாவட்ட ஆயரின் தனி அனுமதி வேண்டும். ஒரு விளக்குச் சரத்துக்காக ஆயர் இல்லம் வரை போக யாருக்கும் தெம்பு இல்லை. காலை பத்தரை.

ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறுகளில் ஆலயத்தில் வாசிக்கப்பட வேண்டும், அதுவும் இருவருடைய பங்கிலும். அதற்குமுன் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ்கள், திருமணத் தயாரிப்பு வகுப்பு முடித்த சான்று ஆகியவற்றைக் கொடுத்தாக வேண்டும். டிசம்பரில் பங்கு அலுவலகம் கிறிஸ்துமஸ் வேலையில் மூழ்கிவிடும். காகிதங்களை நவம்பரிலேயே ஒப்படைத்துவிடுவது நல்லது.

பெயர்ப் பட்டியல்

அப்பா தூரவாணி நகரில் ஐ.டி.ஐ. தொலைபேசி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1948இல் தொடங்கிய அந்த ஆலையும் அதன் குடியிருப்பும்தான் எங்களுக்குச் சொந்த ஊர். அவர் எழுதிக் கொடுத்த முதல் பட்டியலில் அவருடைய பிரிவில் இருந்தவர்களே நூற்று நாற்பது பேர். மாப்பிள்ளை வீட்டார் கோலார் தங்கவயல்காரர்கள். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அங்கிருந்து எத்தனையோ பேர் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்குத் தினமும் வேலைக்கு வந்து போகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் இருந்தவரை அப்படித்தான் வந்துபோனார். அங்கே ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அந்த லைன், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, முழுக்கவும் கல்யாணம். ஆக இரண்டு பக்கமும் ஆள்கட்டு உள்ள குடும்பங்கள். தொண்ணூறு என்ற எண்ணைக் கேட்டதும் இரு வீட்டாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். சம்பந்திகளுக்குள் ஏற்பட்ட முதல் ஒற்றுமை அது.

நான் ஒரு விதிதான் வைத்தேன். அழைக்கப்படுகிறவரைத் தெருவில் பார்த்தால் மணமக்களில் ஒருவராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பாவின் பட்டியலை வைத்துக்கொண்டு தங்கையிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். பாதிப் பேரை அவளுக்குத் தெரியவில்லை. அப்பா முகம் சுருங்கியது. ஆனாலும் பேனாவை வாங்கி அவரே அடித்தார்.

அடித்தவர்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஆலயக் கதவு யாருக்கும் மூடாது. திருப்பலிக்கு வருகிறவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆகவே திருப்பலியை எல்லாருக்கும் என்று வைத்தோம். முடிந்ததும் முற்றத்தில் தேநீர், பிளம் கேக், மசால் வடை. ஒரு கிலோ கேக்கை நாற்பது கிராம் துண்டாக வெட்டினால் இருபத்தைந்து துண்டு வரும். ஆறு கிலோ சொன்னோம். அதன்பின் ஒரு மணிக்கு மண்டபத்தில் தொண்ணூறு பேருக்கு விருந்து. அழைப்பிதழை இரண்டு விதமாக அச்சடிக்கும் யோசனையை அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஒருவருக்குத் தேநீர், ஒருவருக்குப் பிரியாணி என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பது அவருக்கு அவமானமாகப் பட்டது. அவர் சொன்னது சரி. ஒரே அழைப்பிதழ், அதில் திருப்பலியின் நேரம் மட்டும். விருந்துக்கு உள்ளவர்களை வீட்டுக்குப் போய் வாயால் அழைத்தோம். நேரில் வந்து கூப்பிட்டால்தான் சாப்பாட்டுக்கு வருவது நம் வழக்கம் என்பதால் யாரும் குழம்பவில்லை.

தோழிகள்

தங்கைக்கு நெருக்கமானவர்கள் ஆறு பேர். அம்மா வைத்திருந்த பெயர்கள் வேறு: அத்தை மகள், சித்தி மகள், மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தங்கை. எல்லாரையும் நிறுத்தினால் பீடத்தின் முன் ஒன்பது பெண்கள் வரிசையாக நிற்பார்கள். 1840இல் விக்டோரியா ராணியின் கல்யாணத்தில் உடையின் நீண்ட வாலைத் தூக்கி வரப் பன்னிரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். என் தங்கை கட்டப்போவது ஐந்தரை மீட்டர் வெள்ளைப் பட்டு. அதில் தூக்குவதற்கு ஒன்றுமில்லை.

பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, அன்று மணப்பெண்ணைச் சுற்றி என்னென்ன வேலை இருக்கிறது என்று எழுதினேன். வீட்டில் புடவை கட்டிவிட வேண்டும். தலையில் நெட் என்னும் மெல்லிய வலை முக்காட்டையும் கிரீடத்தையும் பொருத்த வேண்டும். மோதிரம் மாற்றும்போது பூங்கொத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். தாலி கட்டும்போது நெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். குத்துவிளக்கு ஏற்றும்போது அந்த நெட் சுடரின் பக்கம் போகாமல் பார்க்க வேண்டும். நைலான் பொருள், தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பங்குப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கவயலிலிருந்து வரும் வண்டிகளைத் தொலைபேசியில் வழிநடத்த வேண்டும். ஊக்கு, கொண்டை ஊசி, ஊசி நூல், தலைவலி மாத்திரை, குடிதண்ணீர் உள்ள பையைத் தோளைவிட்டு இறக்கக் கூடாது. படம் எடுக்க இழுக்கிற உறவினர்களிடமிருந்து மணப்பெண்ணை ஐந்து நிமிடமாவது மீட்டு எதையாவது சாப்பிட வைக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மூன்று பேருக்குச் சரியான வேலை. நான்காமவர் வந்தால் நின்று அழகு பார்க்கத்தான் வேண்டும்.

அதன்பிறகு பெயர்களை எடுத்துப் பொருத்தினேன். புடவை, நெட், விளக்கு மூன்றுக்கும் தங்கையின் கல்லூரித் தோழி. அவள் அறுவைச் சிகிச்சை அரங்கில் நர்ஸ். எதற்கும் கை நடுங்காது. சாட்சிக் கையெழுத்துக்கும், பூங்கொத்துக்கும், பைக்கும் பிரேசர் டவுனில் வளர்ந்த பள்ளித்தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. இப்போது ஆசிரியை. எந்தப் பொருள் எங்கே என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள். வண்டிகளுக்கும் உறவினர்களை விலக்குவதற்கும் அலுவலகத் தோழி. அவள் குரலைக் கேட்டால் வேன் ஓட்டுநர் மட்டுமில்லை, பேருந்து ஓட்டுநரும் ஓரமாக நிறுத்துவார்.

பெரியம்மா பட்டியலைக் கேட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நர்ஸ் தோழி கணவனை விபத்தில் இழந்தவள். ஆசிரியை முஸ்லிம். அலுவலகத் தோழிக்கு அப்போது ஆறாவது மாதம். கல்யாணமாகாத பெண் ஒருத்திகூட இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். முப்பது வயதில் கல்யாணம் செய்துகொள்கிற பெண்ணுக்குத் தோழிகள் பதினெட்டு வயதில் எங்கிருந்து வருவார்கள்?

ஆசிரியையின் பேச்சு எளிதாக முடிந்தது. பங்கு அலுவலகத்தில் சாட்சிக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஒருவர் குழப்பினார். பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே திருத்தினார்: குருவானவரைத் தவிர இரண்டு சாட்சிகள் வேண்டும், நடப்பதைக் கண்டு, கேட்டு, பின்னால் சொல்லக்கூடியவராக இருந்தால் போதும், எந்த மதத்தவர் என்ற நிபந்தனை இல்லை. மாப்பிள்ளைத் தோழன் ஒருவர், ஆசிரியை ஒருவர் என்று எழுதிக்கொண்டார். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நர்ஸ் தோழி விஷயம் அப்படி முடியவில்லை. தாலி கட்டுகிற இடத்தில் அவள் நிற்கலாமா என்று பெரியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். தாழ்த்தியும் சமையலறை வரை கேட்டது. அம்மா பதில் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தங்கை அழுவதற்குத் தயாரானாள். நான் தாலித்தட்டை யார் கொண்டுவருவது வழக்கம் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என்றார் பெரியம்மா. மாப்பிள்ளையின் அப்பா போய் ஒன்பது வருடமாகிறதே, அந்த அம்மாவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின் வரிசைக்குப் போகச் சொல்வோமா என்று கேட்டேன். சம்பந்தி வீட்டில் போய் இதைப் பேச யாருக்கும் வாய் வராது. பெரியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆனால் அந்தத் தோழியே வேண்டாம் என்றுவிட்டாள். தன்னால் யாருக்கும் பேச்சு வர வேண்டாம், பின் வரிசையிலிருந்து பார்க்கிறேன் என்றாள். தங்கை தொலைபேசியில் எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் அம்மா நேராக அவள் வீட்டுக்குப் போனார். பழமும் பூவும் எடுத்துப் போனார். திரும்பி வந்தவர், அவள் பிளவுஸ் அளவு எழுதிய காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மாற்றப் போய்விட்டார். அங்கே என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மிஞ்சிய உறவுப் பெண்களுக்குத் திருப்பலியே இடம் கொடுத்தது. முதல் வாசகம் ஒருவர், பதிலுரைப் பாடல் ஒருவர், விசுவாசிகள் மன்றாட்டு ஐந்து என்றால் ஐந்து பேர். காணிக்கைப் பவனியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நடக்கலாம். அத்தை மகளுக்கு நல்ல குரல். தோழியாக நின்றிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காத அந்தக் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் இல்லாததால் ஒன்றுவிட்ட தங்கை நாத்தனார் இடத்தில் நின்று முடிச்சை இறுக்குவது என்று வைத்தோம். உறவினருக்கு மரியாதை தரும் இடங்கள் ஏற்கெனவே சடங்கில் நிறைய இருக்கின்றன. அவர்களைத் தோழி வரிசையில் திணிப்பதால்தான் அந்த வரிசை நீள்கிறது.

மூவரிடமும் தனித்தனியாகத்தான் கேட்டோம். என்ன வேலை, எத்தனை மணிக்கு வர வேண்டும், புடவையும் தையலும் எங்கள் செலவு என்பதை முதலிலேயே சொன்னோம். நகை வேண்டாம், பரிசு வேண்டாம் என்றும் சொன்னோம்.

ஒரே நிறம் என்னும் தொல்லை

தோழிகளுக்கு ஒரே மாதிரி புடவை என்று தங்கைக்கு ஆசை. சிக்பேட்டையில் ஒரு கடையில் கிளிப்பச்சையில் மூன்று எடுத்துக் காட்டினார்கள். ஒரே சாயம், ஒரே தறி என்று சத்தியம் செய்தார்கள். கடைக்குள் விளக்கில் மூன்றும் ஒன்றுதான். வாசலில் வெயிலில் விரித்தால் ஒன்று கிளி, ஒன்று மாங்காய், ஒன்று பாசி. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் நிறம் சற்று மாறும். பருத்தியும் பட்டும் ஒரே சாயத்தை ஒரே அளவு குடிப்பதும் இல்லை. பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் ஒரே நிறப் புடவைகளை வாங்காதீர்கள். தவிர, மூன்று பெண்களின் தோல் நிறமும் உடல்வாகும் வேறு வேறாக இருக்க, கிளிப்பச்சை அவர்களில் ஒருத்திக்கு மட்டுமே பொருந்தியது.

இதற்குத் தீர்வு இல்கல் புடவையில் கிடைத்தது. பாகல்கோட்டை மாவட்டத்து இல்கல்லில் நெய்கிற இந்தப் புடவையில் உடல் எந்த நிறமாக இருந்தாலும் முந்தானை பெரும்பாலும் சிவப்புதான். அதில் வெள்ளைக் கோலம். உடல்பாகத்தின் பாவு இழைகளையும் முந்தானையின் பாவு இழைகளையும் கொக்கி போலக் கோத்துச் சேர்ப்பது அந்தத் தறிக்காரர்களின் தனி வித்தை. ஆகவே ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த உடல் நிறத்தை எடுத்தாள்: கருநீலம், கடுகு மஞ்சள், மயில் பச்சை. சிவப்பு முந்தானை மூவரையும் ஒரு குழுவாகக் காட்டியது. ஆளுக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. உடல் பருத்தி கலந்தது என்பதால் பிறகு வேலைக்கும் கட்டிக்கொண்டு போகலாம். கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டிவிட்டுப் பெட்டியில் போடுகிற புடவையைத் தோழிகளின் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது.

சிவப்பு முந்தானையில் ஓர் ஆபத்து உண்டு. வெள்ளைப் பட்டு உடுத்தவளுக்குப் பக்கத்தில் மூன்று சிவப்பு முந்தானைகள். வேர்வை பட்டுச் சாயம் விட்டால் கதை முடிந்தது. வாங்கிய அன்றே முந்தானையின் உட்புற ஓரத்தில் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தோம். இரண்டு தேறின. மூன்றாவது துணியில் ரோஜா நிறம் ஏறியது. கடைக்காரர் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். ஏற்கெனவே தோய்ந்து முடிந்த சாயத்தை உப்பு அப்படிப் பிடித்து நிறுத்துவதில்லை. ஒட்டாத சாயத்தைக் குளிர்ந்த நீரில் அலசி வெளியேற்றலாம், அவ்வளவுதான். பட்டு முந்தானையை அப்படி அலசிப் பார்க்காமல் மாற்றிக்கொள்வதே மேல்.

பிளவுஸுக்கு அதே வட கர்நாடகத்துக் கணா துணி. அகலம் குறைவான துணி அது. வழக்கமான அளவுக்கு எடுத்தால் கைக்குப் போதாது. ஆசிரியைக்கு முழுக்கை வேண்டும், தலைக்கு அதே சிவப்பில் துப்பட்டா வேண்டும் என்பதால் அவளுக்குக் கூடுதலாக எடுத்தோம். கர்ப்பிணித் தோழிக்குப் பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லித் தையல்காரரிடம் எழுதியே கொடுத்தேன். டிசம்பரில் எங்கள் பகுதித் தையல்காரர்கள் கிறிஸ்துமஸ் துணியில் புதைந்து கிடப்பார்கள் என்பதால் நவம்பரிலேயே கொடுத்தும் ஆயிற்று. அவர் மிகச் சுத்தமாகத் தைத்து, விடச் சொன்ன துணியையும் மிகச் சுத்தமாக வெட்டி எறிந்துவிட்டார். கேட்டதற்கு, உள்ளே துணி இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்றார். நல்லவேளை, துண்டுத் துணியைத் திருப்பித் தந்திருந்தார். இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டங்குலப் பட்டை வைத்து நானே தைத்தேன். கணாவில் சின்னக் கரை ஓடும்; அந்தக் கரையைப் பட்டையின் நடுவில் வருமாறு வைத்ததால் அதுவே அலங்காரம் ஆயிற்று. வேறு பிளவுஸ்களிலும் அப்படி வைத்துத் தர முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்றேன்.

பூ

மார்கழியில் பந்தல் மலிவு என்றேன். மல்லிகை அப்படி இல்லை. குளிரில் மல்லிச் செடி பூப்பது குறைந்துவிடும், விலை ஏறிவிடும். கே.ஆர். மார்க்கெட்டில் முதல் மெட்ரோ கிளம்புவதற்கு முன்பே ஆட்டோவில் போய்ப் பார்த்தோம். மல்லியின் விலையைக் கேட்டு அம்மா கூடையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். தோழிகளின் தலைக்குக் காக்கடா வாங்கினோம். வாசனை குறைவு, ஆனால் பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும், விலையும் கட்டுப்படும். மணப்பெண் கொண்டைக்கு மட்டும் மல்லி. இங்கே சரத்தை மாரு, அதாவது இரு கை விரித்த நீளம், என்ற கணக்கில் விற்பார்கள்; முழக் கணக்கோடு போனால் எதற்கு எவ்வளவு என்று தடுமாறும்.

தோழிகளுக்குப் பூங்கொத்து கொடுக்கவில்லை. மூவருக்கும் இரண்டு கையும் வேண்டும். மணப்பெண்ணின் கொத்தை வீட்டிலேயே கட்டினோம்: வெள்ளை ரோஜா, கொஞ்சம் கார்னேஷன், இடையிடையே ஜிப்சோ என்னும் பொடி வெள்ளைப் பூ. முதல் நாள் மாலையே ரோஜாவின் கீழ் இலைகளை உருவி, காம்பைச் சாய்வாக வெட்டி, வாளித் தண்ணீரில் இருட்டறையில் நிறுத்திவைத்தால் மறுநாள் தலை தொங்காது. வாளியை வைக்கப் போன அறையில் விருந்துக்கான வாழைத்தார் இருந்தது. பழுக்கும் பழத்திலிருந்து வருகிற எத்திலீன் வாயு கார்னேஷனைச் சுருங்க வைத்துவிடும். தாரைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளினோம்.

நெட்டும் முடிச்சும்

எந்தக் கல்யாணப் படத்தைப் பார்த்தாலும் தாலி கட்டுகிற நேரத்தில் நாலு கைகள் மணப்பெண்ணின் பின்னங்கழுத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்கும். நெட், கொண்டை, பூ, மாலை எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் வந்து சேருகின்றன. இதை வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். மாப்பிள்ளைக்கு ஒரு சாதாரண நூலைக் கொடுத்தோம். நெட்டின் சீப்பைக் கொண்டைக்குக் கீழே குத்தினால் கழுத்தே தெரியவில்லை. கொண்டையைச் சற்று உயர்த்தி, சீப்பை அதற்கு மேலே குத்தினால் நெட்டை ஒரே ஆள் இரண்டு நுனியையும் பிடித்துத் திரைபோலத் தூக்கிவிடலாம். மாலையைத் தாலி கட்டிய பிறகு மாற்றுவது என்று வைத்ததில் இன்னும் இடம் கிடைத்தது. நர்ஸ் தோழி இடப்பக்கம் நின்று தூக்குவது, நாத்தனார் வலப்பக்கம் வந்து முடிச்சை இறுக்குவது. மாப்பிள்ளை முதல் தடவை நூலை முன்பக்கமாகவே கட்டப் பார்த்தார்; பாவம், கணினி ஆள்.

குத்துவிளக்கைப் பீடத்தின் ஓரத்துக்கு நகர்த்தக் கேட்டோம், பங்குத்தந்தை ஒத்துக்கொண்டார். தங்கை நெட்டை முன்கையில் சுற்றிக்கொண்டு நீளமான மெழுகுவத்தியால் ஏற்றுவது என்று முடிவு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆம்பூர் வழிப் பண்டாரி. கிலோ அரிசிக்குக் கிலோ ஆட்டிறைச்சி, கிலோவுக்கு எட்டு ஆள் என்பது அவர் கணக்கு. பன்னிரண்டு கிலோ போட்டார். தால்ச்சா, வெங்காயத் தயிர்ப்பச்சடி, பிரெட் அல்வா. இறைச்சி சாப்பிடாதவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி.

அன்று

தங்கவயல் ஆட்களை ரயிலில் வரச் சொல்லவில்லை. வேலைநாள் காலையில் அந்த ரயிலில் தினமும் வருகிறவர்களுக்கே நிற்க இடம் கிடைக்காது. பட்டுப் புடவையோடு ஏறினால் இறங்கும்போது அது வேறு புடவையாக இருக்கும். இரண்டு வேன்கள் விடியற்காலை கிளம்பின. ஹொசகோட்டே வரை சாலை நன்றாக இருக்கிறது. கே.ஆர். புரம் தொங்கு பாலத்தில்தான் நேரம் கரையும். எட்டு மணிக்குமுன் அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று அலுவலகத் தோழி ஓட்டுநர்களிடம் முதல் நாளே பேசியிருந்தாள். ஒரு வேன் தாண்டிவிட்டது. இன்னொன்று தேநீருக்கு நின்றுவிட்டுப் பாலத்தில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மாவும் தாலித்தட்டும் அதில்தான். ஆலய முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி அலுவலகத் தோழி தொலைபேசியில் அந்த ஓட்டுநரை ஒவ்வொரு திருப்பமாக ஓட்டி வந்தாள். பத்து இருபதுக்கு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கியதும் முதலில் கேட்டது, தொலைபேசியில் பேசியது யார் என்பதுதான்.

முடிச்சு ஒழுங்காக விழுந்தது. நெட் ஒரு திரைபோல உயர்ந்தது, இறங்கியது. படக்காரர் வழக்கமாகக் கிடைக்கிற கைகளின் குவியலை எதிர்பார்த்து நின்றிருந்தார், கிடைக்கவில்லை. பதிவேட்டில் ஆசிரியை கையெழுத்துப் போட்டபோது பங்கு அலுவலகப் பேனா எழுதவில்லை. அவள் பையில் இரண்டு கறுப்புப் பேனா இருந்தது. பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு மணிவாக்கில் தலைசுற்றல் வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார். நர்ஸ் தோழி அவரைப் பெஞ்சில் சாய்த்து நாடி பார்த்து, சர்க்கரை போட்ட தேநீரைக் குடிக்க வைத்துப் பக்கத்திலேயே இருந்தாள். அதன்பிறகு பெரியம்மா விருந்து முடியும்வரை அவள் கையை விடவில்லை. தன் பக்கத்து இலையில் அவளை உட்கார வைத்துக்கொண்டார்.

தொண்ணூறு என்று எழுதியதில் எண்பத்தேழு இலை விழுந்தது. முற்றத்தில் தேநீருக்கு வந்தவர்களை எண்ணவில்லை. கேக் தீர்ந்தது, வடையில் கொஞ்சம் மிஞ்சியது. ஐ.டி.ஐ. நண்பர்கள் ஒரு வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிவரை அப்பாவோடு பேசிவிட்டுப் போனார்கள். விருந்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் சாப்பிடும்போது இரண்டு முறை வாசலைப் பார்த்தார்.

மறுநாள் பாத்திரக்காரர் எண்ணிப் பார்த்ததில் ஒரு பெரிய சாதக் கரண்டி குறைந்தது. முன்பணத்தில் 350 ரூபாய் பிடித்துக்கொண்டார். மிஞ்சிய பிரியாணியை எடுத்துப் போனவர் பெரியம்மா. கரண்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரிடம் போய்க் கேட்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.